முற்றத்தை யாரிடம் ஒப்படைப்பது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைச் சீர்செய்வது குறித்தும், அதற்கென உள்ளூரில் ஒருவரை அமர்த்துவது குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். பெரும்பாலான கடிதங்கள் எந்தச் செடி அழகு, எந்தக் கல் பொருத்தம் என்றுதான் தொடங்குகின்றன. விடைகளோ தண்ணீரையும் மண்ணையும் பற்றியே மிகுதியாக அமைந்துவிட்டன. தொல்லைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பதால் இதைத் தவிர்க்க முடியவில்லை.

கேள்வி: புது வீட்டில் குடியேறிவிட்டோம். முன்னும் பின்னும் வெறும் நிலமாகக் கிடக்கிறது. தோட்டம் அமைத்துத் தருவதாக வந்தவர்களில் ஒருவர் தம்மை வடிவமைப்பாளர் என்கிறார். மற்றொருவர் ஒப்பந்ததாரர் என்கிறார். அடுத்த தெருவில் செடிகளைப் பராமரிக்கும் தோட்டக்காரரோ எல்லாவற்றையும் தாமே செய்துவிடலாம் என்கிறார். யாரை அழைப்பது?

மூவரும் செய்வது ஒரே வேலையன்று. வடிவமைப்பாளர் நிலத்தை அளந்து, எது எங்கே வர வேண்டும், மண்மட்டம் எங்கே உயர வேண்டும், எங்கே தாழ வேண்டும், மழைநீர் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதையெல்லாம் வரைபடமாக்கித் தருபவர். ஒப்பந்ததாரர் அந்த வரைபடத்தின்படி மண் வெட்டி, குழாய் புதைத்து, கல் பதித்து, செடி நட்டு முடித்துக் கொடுப்பவர். தோட்டக்காரர் அதன்பின் ஆண்டு முழுவதும் அந்த இடத்தைப் பேணுபவர். ஒருவரே இரண்டு பொறுப்புகளை ஏற்பதும் உண்டு. அதில் தவறில்லை, எந்தப் பொறுப்புக்கு என்ன கட்டணம் என்று பிரித்துச் சொல்லக் கூடியவராக இருந்தால் போதும்.

தங்களுக்கு யார் தேவை என்பதை ஒரே ஒரு செய்தியை வைத்து முடிவு செய்யலாம்: நிலத்தின் மட்டம் மாறப்போகிறதா, இல்லையா? மண்ணை வெட்டி எடுக்கவோ நிரப்பவோ வேண்டியிருந்தால், நடைபாதை, படிகள், தாங்குசுவர், வடிகால் ஆகியவை வரவிருந்தால், அளந்து வரையத் தெரிந்தவர் ஒருவரும் அதைப் பொறுப்பேற்றுக் கட்டித் தருபவர் ஒருவரும் வேண்டும். இவை எவையும் இல்லாமல், இருக்கும் மட்டத்திலேயே பாத்தி எடுத்துச் செடி வைப்பதோடு வேலை முடியுமானால் அனுபவமுள்ள தோட்டக்காரரே போதும். அவருக்கு மேலே இன்னொருவருக்குக் கட்டணம் தரத் தேவையில்லை. உயரமான தாங்குசுவர் என்றால் பொறியாளரின் கணக்கும் சேர வேண்டும். ஏறத்தாழ 4 அடிக்கு மேற்பட்ட தாங்குசுவர்களுக்குப் பொறியாளரின் வடிவமைப்பைப் பல இடங்களின் கட்டட விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. அத்தகைய சுவரைத் தள்ளுவது மண் மட்டுமன்று. சுவரின் பின்னே வெளியேற வழியின்றித் தேங்கும் நீரும் சேர்ந்தே தள்ளுகிறது.

உள்ளூர்க்காரரை அமர்த்துவதில் உள்ள நன்மை, அவர் அந்த மண்ணையும் மழையையும் ஏற்கெனவே அறிந்திருப்பார் என்பதோடு, அவர் முன்பு செய்த வேலைகளைத் தாங்கள் நேரில் சென்று பார்க்க முடியும் என்பதுமாகும். வேலை முடிந்த அன்று எடுத்த படங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அன்று எல்லாத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் முடித்துக் கொடுத்த இடங்களைக் கேட்டறிந்து, முடிந்தால் மழை ஓய்ந்த ஒரு நாளில் போய்ப் பாருங்கள். நடைபாதைக் கற்கள் மட்டம் மாறாமல் இருக்கின்றனவா, சுவரோரம் நீர் தேங்கியிருக்கிறதா, செடிகள் ஒன்றையொன்று நெருக்காமல் வளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, குறை சொன்னபோது அவர் திரும்ப வந்தாரா என்பதை அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நூறு பாராட்டுகளைவிட அந்த ஒரு விடை பயன் தரும்.

முதல் சந்திப்பிலும் ஆளை ஓரளவு எடைபோட்டுவிடலாம். கூரைநீர் எங்கே விழுகிறது, மாலை வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, நிலத்துக்கடியில் குழாயும் மின்கம்பியும் எவ்வழியே செல்கின்றன, தண்ணீர் ஊற்ற வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது என்றெல்லாம் கேட்பவரோடு பேச்சைத் தொடரலாம். நிலத்தில் கால் வைக்காமலே கைப்பேசியைத் திறந்து, இந்தப் படங்களில் எது வேண்டும் என்று தொடங்குபவரைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் ஏற்படுவதில்லை.

கேள்வி: ஒரே முற்றத்துக்கு மூன்று பேர் மதிப்பீடு தந்தார்கள். மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. மிகக் குறைவாகச் சொன்னவரை நம்பலாமா?

மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை என்பதே இதன் பொருள். நடைபாதை, புல்தரை, செடிகள் என்று வாய்மொழியாகச் சொன்னால், அவற்றின் அடியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்துகொள்வார்கள். ஆகவே வேலை விவரத்தைத் தாங்களே ஒரு தாளில் எழுதி, அதே தாளை மூவருக்கும் கொடுங்கள். நடைபாதைக்கு எவ்வளவு ஆழம் தோண்டப்படும், அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி இட்டு இறுக்கப்படும், பாத்திகளில் எவ்வளவு மக்கிய உரம் கலக்கப்படும், ஒவ்வொரு செடியும் என்ன இனம், என்ன உயரம், எத்தனை எண்ணிக்கை, வெட்டி எடுத்த மண்ணையும் இடிபாடுகளையும் அகற்றுவது யார் பொறுப்பு என்பவை அதில் இருக்க வேண்டும்.

உரத்தின் அளவைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 சதுர மீட்டர் பாத்தியில் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கிய உரம் பரப்ப வேண்டுமானால் 2.5 கன மீட்டர் தேவைப்படும். "உரம் உட்பட" என்று மதிப்பீட்டில் எழுதிவிட்டு நான்கைந்து மூட்டைகளோடு வந்து நிற்பவர் எவ்வளவு குறைக்கிறார் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

செடிகளின் விஷயத்திலோ குறைப்பதைவிட மிகுதியாக வைப்பதே தொல்லை. முழுதாக வளர்ந்தால் ஒன்றரை மீட்டர் அகலம் பரவும் புதர்ச்செடியை அரை மீட்டர் இடைவெளியில் நட்டால், அதே இடத்துக்கு ஒன்பது மடங்கு செடிகள் விற்பனையாகும். பாத்தியும் முதல் நாளே நிறைந்து காணப்படும். சில ஆண்டுகளில் ஒன்றின் நிழலில் மற்றொன்று நலிந்து, காற்றோட்டமின்றிப் பூஞ்சை நோய் பரவி, பாதியைப் பிடுங்கி எறிய நேரும். எனவே ஒவ்வொரு செடிக்கும் எதிரே அதன் முதிர்ந்த அகலத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இடையிலுள்ள வெற்றிடம் கண்ணை உறுத்தினால் முதல் சில ஆண்டுகளுக்கு அங்கே பருவப் பூச்செடிகளை வைத்துக்கொள்ளலாம்.

குறைந்த விலை சொன்னவரை அதற்காகவே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எழுத்து விவரத்தைப் படித்த பிறகும் அதே விலையில் நிற்பாரானால் அவர் கவனத்துக்குரியவர். படித்ததும் விலையை ஏற்றினால், முன்பு எதை விட்டுவைத்திருந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் பின்முற்றத்தில் இரண்டு நாள் தண்ணீர் தேங்குகிறது. சமையலறைச் சுவரின் அடியில் ஓதம் ஏறுகிறது. பார்வையிட்ட ஒப்பந்ததாரர், முற்றம் முழுவதும் ஓர் அடி உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறார். செய்யலாமா?

அவர் சொல்லும் முறையில் செய்ய வேண்டாம். ஓதம் இன்னும் மோசமாகும். நிலத்தின் ஈரம் மேலேறாமல் தடுப்பதற்காகச் சுவரின் அடிப்பகுதியில் ஓர் அடுக்கு இடப்பட்டிருக்கும். வெளியிலுள்ள மண் அந்த அடுக்குக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். மண்ணைக் கொட்டி அதை மூடிவிட்டால், ஈரம் அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு சுவருக்குள் ஏறும். கரையானுக்கும் மறைவான வழி கிடைத்துவிடும்.

தங்கள் முற்றத்துக்குத் தேவை வாட்டமே, அதாவது நீர் வழிந்தோடும் சரிவே. உயரம் இல்லாதது அங்கே குறையன்று. மண்தரையானால் சுவரிலிருந்து முதல் 10 அடி தூரத்தில் 6 அங்குலம் சரிவு இருக்க வேண்டும். கல்லோ சிமென்டோ பதித்த தரையானால் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 சென்டிமீட்டர் போதும். நீர் நிரப்பிய மெல்லிய ஒளிபுகும் குழாய் ஒன்றும் இரண்டு முளைகளும் இருந்தால் இதைத் தாங்களே அளந்து பார்த்துவிடலாம். அடுத்து, கூரைநீர் இறங்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை 2,500 லிட்டராகும். அவ்வளவு நீரும் ஒரே குழாய் வழியாகச் சுவரின் காலடியில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, முற்றத்தை எவ்வளவு மேடாக்கினாலும் ஓதம் நிற்காது. அந்தக் குழாயைச் சில மீட்டர் தள்ளி நீட்டிய மாத்திரத்தில் குறை பாதியாகிவிட்ட வீடுகள் பல உண்டு. இந்த வழியில் ஒப்பந்ததாரருக்குப் பெரிய வேலை எதுவும் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் நீர் நின்றால், மண் உறிஞ்சும் வேகத்தைச் சோதிக்க வேண்டும். ஓர் அடி ஆழமும் ஓர் அடி அகலமுமாகக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது முழுவதும் இறங்கியபின் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். 1 முதல் 3 அங்குலம் இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்ற மண். 1 அங்குலமும் இறங்காவிட்டால் களிமண் மிகுந்திருக்கிறது, அல்லது கட்டுமானத்தின்போது வண்டிகள் ஏறி இறங்கி மண்ணை இறுக்கிவிட்டிருக்கின்றன. களிமண்ணைத் தளர்த்துவதற்கு மணலைக் கலக்குமாறு சொல்பவர்கள் உண்டு. சிறிதளவு மணலைக் களிமண்ணில் கலந்தால், களித்துகள்கள் மணலின் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு மண் முன்னிலும் இறுகிவிடும். மக்கிய இலைதழை உரத்தை ஆண்டுதோறும் சேர்ப்பதே நிலைத்த வழி.

அதற்குமேலும் எஞ்சும் நீரைத் தாழ்வான ஒரு மூலைக்கு இட்டுச் செல்லலாம். வீட்டு அடித்தளத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி, ஆழமில்லாத ஒரு பள்ளம் எடுத்து, வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் செடிகளை அதில் நட்டால், நீர் அங்கே ஒன்றிரண்டு நாளுக்குள் மண்ணில் இறங்கிவிடும். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து முழு வளர்ச்சியடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், இரண்டு நாளில் வற்றும் பள்ளத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மண் நீரை உறிஞ்சவே மறுக்கிறது என்றால் மட்டும், துளையிட்ட குழாயை ஜல்லியில் புதைத்துச் சுற்றிலும் வடிதுணி சுற்றிய நிலத்தடி வடிகால் போடலாம். அக்குழாய்க்கு 100 அடிக்கு 1 அடி என்ற அளவிலேனும் வாட்டம் இருக்க வேண்டும், அதன் மறுமுனை அண்டை வீட்டாரின் நிலத்தை நோக்கித் திறக்கக் கூடாது.

கேள்வி: முற்றத்தில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. வேலை எடுப்பவர் அதன் உச்சியை வெட்டிக் குட்டையாக்கி, அடிமரத்தைச் சுற்றி வட்டமாகச் சுவர் எழுப்பி, மண் நிரப்பிப் பூச்செடி வைக்கலாம் என்கிறார். தங்கள் கருத்து என்ன?

இரண்டும் அந்த மரத்துக்குக் கேடு. உச்சியை மொட்டையாக வெட்டினால் மரம் தன் இலைப்பரப்பில் பெரும்பகுதியை ஒரே நாளில் இழக்கிறது. இழந்ததை ஈடுசெய்ய வெட்டிய இடத்தைச் சுற்றிலும் கொத்துக்கொத்தாகத் துளிர்களை விடுகிறது. அத்துளிர்கள் மேற்புற அடுக்கிலிருந்து கிளம்புபவை. பழைய கிளைகளைப் போல உள்மரத்தோடு பிணைந்தவை அல்ல. சில ஆண்டுகளில் அவை கனத்து, காற்றில் முறியும். குட்டையாக்கினால் பாதுகாப்பு என்று எண்ணிச் செய்தது பாதுகாப்பின்மையில் போய் முடியும்.

அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகவும் குறுக்காகவும் அறுத்து ஆராய்ந்தவர். விலங்குகளின் புண் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்புகளை எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவிட்டுப் புதிய மரத்திசுவை வெளிப்புறமாக வளர்த்துக்கொள்கிறது என்பதை அவர் 1970களில் விளக்கினார். இதிலிருந்து கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்வதற்கு, இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையம்போல் சற்றுப் புடைத்திருக்கும். அதைச் செதுக்கிவிடாமலும், வெளியே நீண்ட கட்டையை விட்டுவைக்காமலும், அதன் ஓரத்தில் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் தாரோ வண்ணமோ பூசுவதால் அழுகல் தடுக்கப்படுவதில்லை என்பது மற்றொன்று. தங்களிடம் வரும் மரம்வெட்டியிடம் இந்த இரண்டையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடையைக் கேட்டபின் அவரிடம் வாளைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

சுவர் எழுப்பி மண் நிரப்புவது இன்னும் மெதுவாகக் கொல்லும் முறை. மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 45 சென்டிமீட்டருக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரந்திருக்கிறது. அதன்மேல் கனமாக மண்ணைக் கொட்டினால் வேர்களுக்குக் காற்று கிடைக்காது. மண்ணுக்குள் புதைந்த அடிமரப் பட்டையும் ஈரத்தில் அழுகும். சுவருக்கு அடித்தளம் தோண்டும்போது அறுபடும் வேர்களின் கணக்கு வேறு. மரம் உடனே சாகாது, மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ உச்சியிலிருந்து காயத் தொடங்கும். அப்போது யாரும் ஒப்பந்ததாரரை நினைத்துப் பார்ப்பதில்லை. மரத்தடியில் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை சருகு மூடாக்கு இட்டு, அது அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விலக்கிவையுங்கள். வேலை நடக்கும் நாட்களில் கிளைகளின் விரிவு முழுவதையும் உள்ளடக்கித் தற்காலிக வேலி போட்டு, அதற்குள் வண்டியோ செங்கல் அடுக்கோ சிமென்ட் கலவையோ வரக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: அடர்ந்த நிழலில் புல்தரை போட்டுத் தருவதாக ஒப்பந்ததாரர் சொல்கிறார். வளருமா?

நாளொன்றுக்கு நான்கு மணி நேரமேனும் நேர்வெயில் விழாத இடத்தில் வளராது. நிழலைப் பொறுக்கும் இனங்கள் என்று விற்கப்படுபவையும் ஓரளவு நிழலைத்தான் பொறுக்கும். அங்கே தரைபடரும் நிழற்செடிகளை வையுங்கள், அல்லது மூடாக்கு இட்டு அப்படியே விடுங்கள்.

கேள்வி: நடைபாதைக்குப் பேவர் கற்கள் பதித்து ஓராண்டு ஆகிறது. வண்டி ஏறும் இடத்தில் இரண்டு தடங்களாக அமிழ்ந்துவிட்டது. மண் என்றால் அமிழத்தான் செய்யும் என்கிறார் பதித்தவர்.

சரியாக இறுக்கிய தளம் இப்படி அமிழாது. பேவர் கல் தானாகப் பாரம் தாங்குவதில்லை. பாரத்தைத் தன் அடியிலுள்ள ஜல்லித் தளத்துக்குக் கடத்துவது மட்டுமே அதன் வேலை. மனிதர் நடக்கும் பாதைக்கு இறுக்கியபின் 10 சென்டிமீட்டர் கனமுள்ள தளம் வேண்டும். கார் ஏறும் இடத்துக்கு 20 சென்டிமீட்டரோ, மண் இளக்கமாக இருந்தால் அதற்கு மேலோ வேண்டும். அந்தக் கனம் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி மேலே இறுக்கினால் மேற்பகுதி மட்டுமே இறுகும். 10 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்காக, சற்று ஈரமாக்கி, அதிர்வு இயந்திரத்தால் இறுக்கிக்கொண்டே வர வேண்டும். அதன்மேல் பரப்பும் மணல் 2.5 சென்டிமீட்டர் அளவில், எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். தளத்தின் மேடுபள்ளத்தை மணலால் நிரப்பிச் சமன்செய்தவர்களின் பாதைதான் ஓராண்டில் தடம் விழுகிறது. ஓரங்களில் கற்கள் விலகாதபடி அணைகல் இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

தடம் விழுந்த இடத்தில் சில கற்களைப் பெயர்த்து, தளத்தின் கனத்தை அவர் எதிரிலேயே அளந்து, ஒப்பந்தத்தில் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் அளவே இல்லையென்றால் வாதம் கடினமாகும். ஒன்று மட்டும் செய்ய விடாதீர்கள்: கற்களைத் தூக்கி அடியில் மேலும் மணலைத் திணித்துத் திரும்பப் பதித்துவிட்டுப் போவது. அடுத்த மழைக்குள் மறுபடியும் தடம் விழும்.

கேள்வி: களை வராமல் இருக்கப் பாத்தி முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டுமா?

ஜல்லித் தளத்துக்கு அடியில், ஜல்லி மண்ணுக்குள் புதையாமல் இருக்க, நீர்புகும் துணி விரிப்பு நல்லது. செடிப் பாத்திக்கு எந்த விரிப்பும் வேண்டாம். அதன்மேல் படியும் தூசியிலும் சருகிலும் களைவிதைகள் விழுந்து அங்கேயே முளைக்கும். அடியிலுள்ள மண்ணுக்கோ மக்கும் பொருள் எதுவும் போய்ச் சேராது. பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, மேலே மூடாக்கு இட்டால் போதும். அட்டை மக்கிப்போகும், விரிப்பைப் போலப் பின்னொரு நாள் வேரோடு பிய்த்தெடுக்க வேண்டிய தொல்லை இல்லை.

கேள்வி: ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்? அவர் பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார்.

செடிகளும் கற்களும் வாங்க முன்பணம் கேட்பதில் நியாயம் உண்டு. பாதி என்பது மிகுதி. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்து தாங்கள் பார்த்தபின் அதற்குரிய தொகையைத் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். மூடப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. குழாய்கள் புதைந்தபின் அவற்றின் வாட்டத்தையோ, கற்கள் பதிந்தபின் தளத்தின் கனத்தையோ யாரும் பார்க்க முடியாது. எனவே தோண்டி முடித்தல், குழாய் பதித்தல், தளம் இறுக்குதல் ஆகியவற்றின் முடிவில் தாங்கள் பார்வையிட்டுப் படம் எடுத்தபின்னரே அடுத்த வேலை தொடங்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும். மொத்தத்தில் பத்து விழுக்காட்டையேனும் கடைசிக் குறைகள் தீரும்வரை நிறுத்திவைப்பது வழக்கமே. நேர்மையான ஒப்பந்ததாரர் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

வேலையின் நடுவே மாற்றம் வராமல் இருக்காது. ஒரு பாறை தட்டுப்படும், அல்லது தங்களுக்கே வேறொரு எண்ணம் தோன்றும். அந்த மாற்றத்தையும், அதனால் கூடும் அல்லது குறையும் தொகையையும் இருவரும் எழுதி ஒப்பமிட்ட பிறகே செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். நான் கேள்விப்படும் சச்சரவுகளில் மிகப் பல, நின்றுகொண்டே பேசி முடித்த மாற்றங்களில் பிறந்தவை. அனுமதி பெறுவது யார் பொறுப்பு, வேலையாட்களுக்குக் காயமோ அண்டை வீட்டுக்குச் சேதமோ ஏற்பட்டால் அவரிடம் காப்பீடு உண்டா என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோண்டத் தொடங்குமுன் நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் செல்லும் வழியை அடையாளமிடுவது தவிர்க்க முடியாதது. எல்லைக்கல்லையும் அன்றே அளந்துவிடுவது நல்லது. சுவர் எழும்பியபின் அளப்பவர்களே மிகுதி.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க வசதியில்லை. எதை முதலில் செய்வது?

வசதியில்லாததும் ஒரு வகையில் நன்மையே. ஓராண்டு அந்த இடத்தில் வாழ்ந்து, வெயிலும் நிழலும் எப்படி நகர்கின்றன, எந்த மூலையில் தாங்கள் இயல்பாகப் போய் அமர்கிறீர்கள் என்று பார்த்தபின் எடுக்கும் முடிவுகள் பிழைபடுவது குறைவு. ஆனால் முழு நிலத்துக்குமான வரைபடத்தை மட்டும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். துண்டுதுண்டாகச் செய்யப்போகும் வேலைக்குத்தான் முழு வரைபடம் மிகவும் தேவை.

முதலாவதாக மண்மட்டமும் வடிகாலும். நடைபாதை எப்போது வந்தாலும் சரி, அது போகவிருக்கும் இடங்களுக்கு அடியில் குறுக்காக இரண்டொரு வெற்றுக் குழாய்களை இப்போதே புதைத்து வையுங்கள். பின்னாளில் சொட்டுநீர்க் குழாயோ விளக்குக் கம்பியோ கொண்டுசெல்லப் பதித்த கல்லைப் பெயர்க்க வேண்டியிராது. மட்டம் முடிந்தவுடன் மரங்களை நட்டுவிடலாம், ஏனென்றால் வளர்வதற்குக் காலம் வேண்டியவை அவையே. பெரிய மரக்கன்றை வாங்கப் பணம் இல்லையே என்று வருந்த வேண்டாம். சிறிய கன்று தன் வேர்களைப் பெரிதும் இழக்காமல் வருவதால் விரைவில் ஊன்றிக்கொண்டு, சில ஆண்டுகளில் பெரிய கன்றை எட்டிப்பிடிப்பது இயல்பாகக் காணப்படுவதுதான். அதன்பின் பாதைகளும் சுவர்களும், அதன்பின் புதர்ச்செடிகள். புல்தரை கடைசியில் வரட்டும். முதலில் போட்டால் மற்ற எல்லா வேலையும் அதன் தலைமேல்தான் நடக்கும். சொட்டுநீர் அமைப்பு போடும்போது மரங்களுக்கும் புதர்ச்செடிகளுக்கும் தனித்தனி வழிகள் இருக்கட்டும், ஏனெனில் மரத்துக்கு ஆழமாகவும் அரிதாகவும் நீர் வேண்டும்.

கேள்வி: நட்டுக் கொடுத்த செடிகளில் பல மூன்று மாதத்தில் காய்ந்துவிட்டன. நாங்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்கிறார் ஒப்பந்ததாரர், தவறாமல் ஊற்றினோம். யார் பக்கம் தவறு?

காய்ந்த செடியின் இலையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நீர் குறைந்தாலும் மிகுந்தாலும் இலை ஒன்றுபோலவே வாடும். அவரை அழைத்து, அவர் முன்னிலையில் இரண்டு மூன்று செடிகளை வேரோடு தோண்டி எடுங்கள்.

வேர்ப்பந்து, அதாவது தொட்டிக் கலவையோடு சேர்ந்த வேர்த்திரள், உலர்ந்து, சுற்றியுள்ள மண் மட்டும் ஈரமாக இருந்தால், ஊற்றிய நீர் வேருக்குப் போய்ச் சேரவில்லை. தொட்டிக் கலவை இலேசானது, நிலத்து மண்ணைவிட விரைவில் உலரும். முதல் வாரங்களில் நீரைச் செடியின் அடியிலேயே விட வேண்டும். இதைத் தங்களுக்கு அவர் சொல்லித் தந்தாரா என்பதைப் பொறுத்து இந்தக் குறை இருவருக்கும் பொதுவாகும். வேர்கள் கறுத்து, குழைந்து, நாற்றமடித்தால் நீர் தேங்கியிருக்கிறது. ஊற்றியது மிகுதியா, குழியில் நீர் இறங்கவில்லையா என்பதை முன்பு சொன்ன குழிச் சோதனையால் அறியலாம். வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டு, ஒன்றுகூட வெளிமண்ணுக்குள் நுழையாமல் இருந்தால், நடும்போது அவற்றைப் பிரித்துவிடவோ கீறிவிடவோ இல்லை என்று பொருள். அடித்தண்டு வேராகப் பிரியும் இடம் மண்ணுக்குக் கீழே பல அங்குலம் புதைந்திருந்தால் ஆழமாக நட்டுவிட்டார்கள். குழி வேர்ப்பந்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கலாம், அதைவிட ஆழமாக இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையோடே நட்டிருந்த செடிகளும் இப்படித் தோண்டும்போது வெளிப்படுவதுண்டு.

இவற்றில் கடைசியாகச் சொன்ன மூன்றும் ஐயத்துக்கு இடமின்றி நட்டவரின் தவறுகள். மாற்றுச் செடிகளை அவர் தம் செலவிலேயே நட்டுத் தர வேண்டும். அவற்றை நடும்போது தாங்கள் அருகில் நின்று, ஒவ்வொரு குழியின் ஆழத்தையும் பாருங்கள். எந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு நீர் என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஓராண்டுக்குள் பட்டுப்போகும் செடிகளை மாற்றித் தரும் உறுதியை அந்தத் தாளோடு இணைத்துக் கேட்டால், பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.